பி பாசிட்டிவ் சுடலைமணி

தேசிய ரத்தக் களஞ்சியம் வந்த பிறகு நாட்டில் ஒருவர்கூட ரத்தம் கிடைக்காமல் சாகவில்லை. அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அப்படிச் செத்தவர்களை வேறு ஏதாவது நோயில் செத்ததாக எழுதுவதற்குத் தலைநகரில் தனிப் பிரிவு ஒன்று இருந்தது. முந்நூறு பேர் அங்கே ஏசி அறையில் உட்கார்ந்து உழைத்தார்கள்.

சட்டம் எளிமையானது. பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை எல்லோரும் நான்கு மாதத்துக்கு ஒரு பை ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தவனுக்கு எந்த ஊரில் அடிபட்டாலும் ரத்தம் உண்டு. உடம்பு சரியில்லாதவர்கள் மருத்துவச் சான்றிதழ் காட்டி விலகிக்கொள்ளலாம். பங்களாத் தெருக்களில் உடம்பு சரியில்லாதவர்கள் எவ்வளவு பேர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், உப்பளத்தில் உப்பு வாருகிறவன், மலையில் கல் உடைக்கிறவன், இவர்களுடைய உடம்பு மட்டும் நூற்றுக்கு நூறு ஆரோக்கியமாக இருந்தது.

ஒவ்வொருவரின் ரத்த வகையும் ஒரே ஒரு முறை பார்க்கப்பட்டு மையக் கணினியில் ஏறியது. ரத்த வகை ஆயுசுக்கும் மாறாது. மாறாத ஒன்றை மறுபடி பார்ப்பது வீண் என்று நிபுணர் குழு ஒன்று ஆறு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தது. அதற்காக அந்தக் குழுவுக்கு விருது கொடுத்தார்கள். அதன்பின் கொடுக்கிற ரத்தத்தில் நோய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வகை பார்க்கவில்லை. கொடுத்தவனின் பதிவில் என்ன இருக்கிறதோ அது பையில் அச்சாகும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் கண்ணாடிக் கதவு போட்ட ரத்தப் பெட்டகம் ஒன்று வைத்தார்கள். வாங்குகிறவனின் உள்ளங்கையை அதன் தகட்டில் அழுத்தினால், அவன் பதிவில் என்ன இருக்கிறதோ அந்தப் பை பெட்டகத்திலிருந்து விழும். இடையில் மனிதனுக்கு வேலையே இல்லை. வகை தெரியாத நோயாளிக்கு அவசரத்தில் ஓ வகையை ஏற்றும் பழைய வழக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். வகை தெரியாத ஆள் நாட்டில் இருந்தால்தானே.

அதனால் மருத்துவமனைகளில் ரத்தப் பொருத்தம் பார்க்கும் அறைகளை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களைப் பெட்டகத்தின் கண்ணாடியைத் துடைக்க விட்டார்கள்.

துறைமுக ஊரின் மருத்துவமனையில் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தவள் தங்கபுஷ்பம். பத்தொன்பது வருஷம் பொருத்தம் பார்த்தவள். அவளுடைய இப்போதைய பதவிக்கு ‘குருதி விருந்தோம்பல் உதவியாளர்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னபோது, “கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கவளுக்குக்கூட இதவிட நல்ல பேரு வச்சிருப்பாக” என்றாள். குத்தவில்லை.

அன்று காலை பதினொன்றே கால் மணிக்கு ஒரு லோடு ஆட்டோ அவசரப் பிரிவு வாசல்வரை ஏறி வந்து நின்றது. பின்னால் ஏழெட்டு லோடுமேன்கள். நடுவில் பலகைமேல் சுடலைமணி. கப்பலில் இருந்து இறக்கி அடுக்கிய மரத்தடி ஒன்று உருண்டு அவனுடைய வலது தொடைமேல் ஏறிவிட்டது. தொடைக்கு மேல் மூன்று துண்டுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூன்றும் ஒரே நிறமாகியிருந்தன.

“வழி விடுங்கவே! ஆள் போயிருவான், வழி விடுங்க!” என்று முன்னால் ஓடிவந்தவர் சவரிமுத்து. மூன்றாம் கேங்கின் மேஸ்திரி. ஐம்பத்தாறு வயது.

பணியில் இருந்தவள் டாக்டர் நர்மதா. படிப்பு முடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, ஆனால் கை நடுங்காதவள். தொடையைப் பார்த்தாள், நாடியைப் பார்த்தாள். “நாலு பை வேணும். முதல்ல ரத்தம், அப்புறம்தான் தியேட்டர். கையை வையுங்க.”

நர்ஸ் சுடலைமணியின் உள்ளங்கையைத் தகட்டில் அழுத்தினாள். தகடு சிவப்பாக எரிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி சிவப்பு. இருபது வருஷம் மூட்டை தூக்கிக் காய்த்த கை. அதில் ரேகை இருக்கும் என்று நினைத்தவன் கையால் எதையும் தூக்கிப் பார்க்காதவனாகத்தான் இருக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்து, சிராம்பையும் ரத்தத்தையும் வழித்து, நான்காம் முறை அழுத்தியபோது பச்சை எரிந்தது. பெட்டகம் தேன் குரலில் பேசியது:

“வணக்கம், சுடலைமணி. பி பாசிட்டிவ். விரைவில் நலம் பெறுக.”

பை விழுந்தது. தங்கபுஷ்பம் எடுத்து நீட்டினாள். நர்ஸ் அதை வாங்குவதற்குள் சவரிமுத்துவின் கை குறுக்கே வந்தது.

“தாயி, ஒரு நிமிசம். என்ன சொல்லிச்சு அது? பி-யா?”

“ஆமா அண்ணாச்சி. பி பாசிட்டிவ்” என்றாள் தங்கபுஷ்பம்.

“அது அவன் இல்ல தாயி. அது நானு.”

“என்ன சொல்லுதீய?”

“அந்த பி பாசிட்டிவ் நாந்தான்.”

துறைமுக லோடுமேன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு. இடுப்பு வலி, காய்ச்சல், பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஒருவன் வர முடியாமல் போனால் இன்னொருவன் அவனுடைய வில்லையை மாட்டிக்கொண்டு அவன் முறையைத் தூக்கிவிடுவான். ஆளை யாரும் பார்ப்பதில்லை, வில்லையைத்தான் பார்ப்பார்கள். முப்பது நாற்பது வருஷமாக அப்படித்தான். அது அவர்களுக்கு ஏமாற்று இல்லை. ஒருவன் சாய்ந்தால் இன்னொருவன் தோள் கொடுக்கிற ஏற்பாடு. ஏற்பாடு நல்லது என்பதால், எதற்கு அதைச் செய்கிறோம் என்று யோசிக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சவரிமுத்து வேர்க்க வேர்க்கச் சொன்னார். “ஒம்பது வருசத்துக்கு முன்னால ரத்தம் பதிய வேன் வந்துச்சுல்லா, துறைமுக கேட்டுக்கு. விரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்தான். அன்னைக்கு இவன் கப்பல்ல நின்னான். இவன் வில்லைய மாட்டிக்கிட்டு நான் போயி விரல நீட்டுனேன். வேன்ல இருந்தவன் தலையத் தூக்கவே இல்ல. வில்லையப் பாத்தான், விரலப் பாத்தான், அவ்வளவுதான்.”

“கைரேகை?” என்றாள் நர்மதா.

“அது பொறவு வேற ஆபீசுல போயி வச்சோம். ரெண்டையும் அவனுவளே ஒட்டிக்கிட்டானுவ.”

“ஆனா இவர் நாலு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்திருப்பாரே. இவர் ரத்தம் பி-ன்னு பேர் போட்டுப் போயிருக்கும். போன இடத்துல யாருக்கும் எதுவும் ஆகலையா?”

தங்கபுஷ்பம் நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டாள். “இவரு வகை என்னன்னு யாருக்காவது தெரியுமா?”

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் வந்தது. “ஓ.” இறால் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடி வந்திருந்தாள், சுடலைமணியின் மனைவி பேச்சித்தாய். விரல் எல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. “பெரியவளப் பெத்தப்ப எனக்கு ரத்தம் குடுத்தது இவருதான். அப்ப இந்தக் களஞ்சியமெல்லாம் ஏது. ஓன்னு அட்டையில எழுதிக் குடுத்தாக. கொஞ்ச நாளு சட்டைப் பையில வச்சிக்கிட்டு எல்லாருகிட்டயும் காட்டுனாரு.”

“ஓ-ன்னா ஒண்ணும் ஆயிருக்காது டாக்டர்” என்றாள் தங்கபுஷ்பம். “ஓ-க்காரன் ரத்தம் எவனுக்கு வேணும்னாலும் சேரும். பி-ன்னு பேரு போட்டு பி-க்காரனுக்கு ஏத்துனாலும் சத்தமில்லாமச் சேந்திரும். அதான் ஒம்பது வருசமா ஒருத்தனுக்கும் தெரியல. ஆனா அவனுக்கு வேணும்னா ஓ மட்டுந்தான் ஆகும். இந்தப் பைய ஏத்துனா இவரு ரத்தமே இத அடிச்சு ஒடைக்கும். அம்புட்டுத்தான், கிட்னி போயிரும், ஆளு போயிருவாரு.”

“நிச்சயமா தெரியுமா?”

“அஞ்சு நிமிசம் குடுங்க.”

பொருத்தம் பார்க்கும் கண்ணாடிகளையும் மருந்துகளையும் எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். தங்கபுஷ்பம் தான் டீ குடிக்கும் வெள்ளை சாசரைக் கழுவி எடுத்தாள். நோய் பார்க்க விட்டுவைத்திருந்த சுழல் கருவியில் சுடலைமணியின் ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளிந்த நீரை இரண்டு சொட்டு சாசரில் விட்டாள். ரத்தப் பையின் ஓரத்தில் வால் மாதிரித் தொங்கும் குழாயை நறுக்கி அதிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். சாசரை மெல்ல ஆட்டினாள். ஒரு நிமிஷம் சிவப்பாக வழுக்கிக்கொண்டிருந்தது, பிறகு ரவை ரவையாகத் திரிந்தது.

நர்மதா இதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பையைத் தள்ளி வைத்தாள்.

விழுந்த பை ஆறு நிமிஷத்துக்குள் ஏற்றப்படாவிட்டாலோ, கிழிந்தாலோ இரண்டாம் மாடியில் ஒரு மணி அடிக்கும். மணிக்குச் சொந்தக்காரர் மண்டலக் குருதி அலுவலர் கீர்த்திவாசன். லிஃப்ட் வர நேரமாகும் என்பதால் படியில் இறங்கியே வந்துவிட்டார். அந்த வருஷத்தில் அவர் செய்த கடினமான உழைப்பு அதுவாக இருக்கலாம்.

“பை ஏன் கீழே இருக்கு?”

நர்மதா சொன்னாள். அவர் சாசரைக் குனிந்து பார்த்தார். “இது என்ன, டீ குடிக்கிற தட்டா?”

“டீ குடிக்கிற தட்டுத்தான் சார். அதுல இருக்கிறது டீ இல்ல, பாருங்க” என்றாள் தங்கபுஷ்பம்.

“அம்மா, உலகத்துல நாப்பது நாட்டுக்காரங்க வந்து நம்ம களஞ்சியத்தைப் பார்த்துட்டுப் போறாங்க. நீங்க தட்டுல கலக்கி அது தப்புங்கறீங்க.” அவர் நர்மதாவிடம் திரும்பினார். “டாக்டர், யோசிச்சுப் பாருங்க. கை சுடலைமணியோடது. சுடலைமணி பி பாசிட்டிவ். இவர் ரத்தம் பி இல்லைன்னா, இவர் சுடலைமணி இல்லை. சுடலைமணியா இல்லாத ஒருத்தருக்கு சுடலைமணி பேர்ல நான் எப்படி ரத்தம் தர முடியும்?”

பேச்சித்தாய் முன்னால் வந்தாள். “அப்ப பதினாறு வருசமா நான் எவன்கூடக் குடும்பம் நடத்துனேன்? அதையும் உம்ம மிசினுகிட்டக் கேட்டுச் சொல்லும். எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.”

லோடுமேன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். கீர்த்திவாசனின் முகம் சுருங்கியது. “திருத்தப் படிவம் இருக்கும்மா. கொடுத்தா இருபத்தொரு வேலை நாள்ல பரிசீலிப்பாங்க.”

“அவரு இருபத்தோரு நிமிசம் இருப்பாரான்னு டாக்டரம்மாகிட்டக் கேளும்.”

சவரிமுத்து குறுக்கே வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கப்பல் முதலாளியின் முன்னால்கூட அவர் அப்படி நிற்பதை அவருடைய ஆட்கள் பார்த்ததில்லை. “ஐயா, தப்பு எம்மேல. விரல நீட்டுனது நான். எழுதிக்கிடுங்க, கைநாட்டு வைக்கேன். உள்ள போடுதியளா, போடுங்க. ரத்தத்தக் குடுங்க.”

“பதிவு மோசடி. ஏழு வருஷம். தெரியும்ல?”

“தெரியும் ஐயா.”

“நீங்க ஒப்புக்கிட்டீங்கன்னா விசாரணை வைக்கணும். விசாரணை முடியறவரை இவரோட பதிவை முடக்கணும். முடக்கினா இப்பக் கிடைக்கிற பி-யும் கிடைக்காது.” ஒரு உண்மையைச் சொன்னால் எவ்வளவு சிக்கல் என்று விளக்க முடிந்ததில் அவருக்குத் திருப்தி தெரிந்தது. “நான் மேலிடத்துல பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க.”

அவர் போய்விட்டார். இந்தத் தடவை லிஃப்டுக்குக் காத்திருந்து போனார்.

சுடலைமணியின் உதடு வெளுத்து உப்புப் பூத்தது மாதிரி ஆகியிருந்தது. நர்மதா சலைன் பாட்டிலை நெருக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். “பத்து நிமிஷம். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை.”

“பெட்டகத்த ஒடைச்சா என்ன?” என்றான் ஒருவன்.

“ஒடைச்சா உள்ள இருக்கிறது பூராவும் கெட்டுப் போற மாதிரிச் செஞ்சு வச்சிருக்கான்” என்றாள் தங்கபுஷ்பம். “கைய வச்சாத்தான் தரும். ஓ-க்காரன் கை வேணும். அதுவும் நோயாளியா இருக்கணும்.”

அதுவரை சுவரோரம் நின்ற எசக்கிதுரை முன்னால் வந்தான். சுடலைமணிக்கு ஜோடியாக மூட்டை பிடிப்பவன். ஆறடி ஆள். “எம் பதிவுல ஓ-ன்னுதான் இருக்கு. நோயாளின்னா என்ன டாக்டரம்மா? ரத்தம் வடியணுமா?”

“ரத்தப் போக்குன்னு நான் எழுதணும். வாசல்ல இருக்கிற கேமரா காயத்தைப் பார்க்கணும். இல்லைன்னா தகடு எடுத்துக்காது.”

“தலையில கிழிச்சா நெறைய வரும்லா?”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியை எடுத்து நெற்றிக்கு மேலே மயிருக்குள் வைத்து ஒரு இழு இழுத்தான். தண்ணீர்க் குழாய் திறந்த மாதிரி முகம் முழுக்க வடிந்தது. அப்படியே வாசலுக்குப் போய் கேமராவை அண்ணாந்து பார்த்து நின்றான். “நல்லா பாத்துக்கோ மாப்ள” என்றான் அதனிடம். திரும்பி வந்து சுடலைமணியின் பக்கத்துக் கட்டிலில் ஏறிப் படுத்தான்.

நர்மதா திரையில் எழுதினாள்: தலைக்காயம், கடும் ரத்தப்போக்கு, நான்கு பை. நர்ஸ் எசக்கிதுரையின் கையைத் தகட்டில் அழுத்தினாள்.

“வணக்கம், எசக்கிதுரை. ஓ பாசிட்டிவ். விரைவில் நலம் பெறுக.”

நர்ஸ் முதல் பையைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். தங்கபுஷ்பம் தடுத்தாள். “பொறு. அதுலயும் எழுத்து மட்டுந்தான் ஓ.” வாலை நறுக்கி சாசரில் விட்டு ஆட்டினாள். திரியவில்லை. “போடு.”

பையை எசக்கிதுரையின் கட்டில் கம்பியில் மாட்டினார்கள். குழாய் அவனுடைய நெஞ்சைத் தாண்டி, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தொங்கிய திரைச்சீலைக்குள் நுழைந்து, சுடலைமணியின் கைக்குப் போனது. இரண்டாவது பையும் திரியவில்லை. மூன்றாவது பையின் சொட்டு சாசரில் விழுந்து ஒரு சுற்று சுற்றியதும் ரவை ரவையாகப் பிரிந்தது.

தங்கபுஷ்பம் இன்னொரு தடவை கழுவிப் பார்த்தாள். அதே ரவை.

“எக்கா, என்ன?” என்றாள் நர்ஸ்.

“இது ஓ இல்ல.” அவள் அதைத் தனியாக எடுத்து வைத்தாள். “அடுத்தத எடு.”

நான்காவது சரியாக இருந்தது. இன்னும் ஒன்று வேண்டும் என்றாள் நர்மதா. “திரும்பக் கிழிக்கணுமா?” என்று எசக்கிதுரை தையல் போடாத தலையைத் தூக்கினான். “வேண்டாம், படுங்க” என்று அவள் நான்கை ஐந்தாக மாற்றினாள். ஐந்தாவதும் சரியாக இருந்தது. சுடலைமணியின் நாடி ஏறியது. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பேச்சித்தாய் கதவுவரை பின்னாலேயே போய், கதவு சாத்தியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கீர்த்திவாசன் இறங்கி வந்தார். மேலிடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை, ரிசீவரைக் காதில் வைத்திருந்ததில் மணி அடித்ததும் கேட்கவில்லை என்றார். மேலிடம் சாப்பிடப் போயிருக்கும். ஆபரேஷன் முடிந்திருந்தது. கால் தப்புமா என்பது போகப் போகத் தெரியும், ஆள் தப்பிவிட்டான். கீர்த்திவாசன் தொங்கிய குழாயைப் பார்த்தார், தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்த எசக்கிதுரையைப் பார்த்தார், திரையில் ஓடிய கணக்கைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்தால் மன்னித்திருக்கலாம்.

பெட்டகத்தின் திரையில் அவருடைய விரல் நிதானமாக நகர்ந்தது. தங்கபுஷ்பம் பக்கத்தில் போய் நின்று படித்தாள். சுடலைமணி, பி பாசிட்டிவ், நான்கு பை ஏற்றப்பட்டது, நோயாளி நலம்.

“சார், என்ன எழுதுதீங்க? பி ஒரு சொட்டுகூட ஏறலயே.”

“ஏறலைன்னு எழுதினா ஏன் ஏறலைன்னு வரும். அந்த மேஸ்திரி உள்ளே போகணும். டாக்டரம்மா வேலை போகணும். உங்க தட்டும் சாட்சிக்குப் போகணும். உங்க எல்லாருக்காகவும்தான் செய்யறேன்.”

“சரி, அது போகட்டும். அவரு வகைய ஓ-ன்னு மாத்துங்க. திருத்தப் படிவம் நானே எழுதித் தாரேன்.”

“இனிமே முடியாதும்மா.” அவர் குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது. “நாலு பை பி ஏத்தி ஒருத்தர் பிழைச்சிருக்கார். இதைவிடப் பெரிய பரிசோதனை எங்கே இருக்கு? களஞ்சியம் அவர் பதிவுல நிரந்தர முத்திரை வச்சிடுச்சு, பாருங்க.”

திரையில் சுடலைமணியின் பெயருக்கு நேரே ஒரு பச்சை நட்சத்திரம் எரிந்தது.

அவர் மேஜையில் கிடந்த மூன்றாவது பையை எடுத்தார். “இது ஏன் வெளியே கிடக்கு? உங்க தட்டுல தோத்துப் போச்சா?” திருப்பிப் போடும் சந்துக்குள் அதைச் செருகினார். தங்கபுஷ்பம் கையை நீட்டுவதற்குள் கண்ணாடி மூடிக்கொண்டது. “ரத்தத்தை வீணாக்கக் கூடாதும்மா. யாரோ ஒரு ஏழை கொடுத்தது.”

அவர் போன பிறகு அவள் வராந்தாவுக்கு வந்தாள். சவரிமுத்து மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு வேன்ல இவரு ஒருத்தருக்குத்தான் நீங்க விரல நீட்டுனியளா?”

“அன்னைக்கு ரெண்டு கப்பலு நின்னுச்சு தாயி. வேலைய நிறுத்த முடியாதுன்னுட்டான் காண்ட்ராக்டரு. வேன்காரன் எனக்கு அறுபது பேரு கணக்கு வேணும்ங்கான். நான் என்ன செய்ய? பதினோரு பேரு போனோம். அறுபது வில்லையவும் பங்கு போட்டுக்கிட்டு, மாத்தி மாத்தி ஏறி எறங்குனோம். விரலு அஞ்சும் புண்ணாப் போச்சு.” அவர் மூக்கைச் சிந்தினார். “ரத்தம் குடுக்க ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்தான். அறுபது பேரு பிஸ்கட்டையும் பதினோரு பேருமே தின்னோம். அன்னைக்கு அது சிரிப்பா இருந்துச்சு.”

“யாரு யாருக்குப் போனீயன்னு தெரியுமா?”

“சுடலைக்கு நான் போனது மட்டும் ஞாபகம் இருக்கு, அப்ப அவன் என் ஜோடி. மத்தவனுவளுக்கு எவன் போனான்னு கர்த்தருக்குத்தான் தெரியும். இந்த எசக்கி ஓ-ன்னு சொல்லுதானே, அது அவன்தானான்னு எனக்குத் தெரியாது.”

தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்தாள். “ஒரு பை ரவையா வந்துச்சு. ஓ-ன்னு எழுதி வேற என்னமோ உள்ள. அது உங்க ஆளுகளுதா இருக்கும்னு நெனச்சேன். ஆனா அதுல முகாம் பேரு இருந்துச்சு. மலையில ஏதோ தேயிலைத் தோட்டம்.”

சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். “தோட்டமா? அங்கயும் அன்னைக்கு வேலைய நிறுத்தியிருக்க மாட்டானுவ.”

உள்ளே பெட்டகம் தேன் குரலில் யாருக்கோ வணக்கம் சொன்னது. வார்டில் இருக்கும் தகட்டில் கை வைத்தாலும் பை இங்கேதான் விழும். ஓ பாசிட்டிவ் என்றது. திருப்பிப் போட்ட பைதான் முதலில் விழும், தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். அவள் உள்ளே ஓடியபோது பிரசவ வார்டின் புது நர்ஸ் பையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டிருந்தாள். பையில் வால் இல்லை, நறுக்கிய தழும்பு மட்டும் இருந்தது.

“குடுட்டி அத.”

“விடுங்கக்கா, அங்க ரத்தம் நிக்கவே இல்ல. மேடம் கத்துறாங்க.”

தங்கபுஷ்பம் வாதாடவில்லை. கோட்டுப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பையின் அடியில் ஒரே குத்து. அவ்வளவு ரத்தமும் நர்ஸின் பாவாடையிலும், காலையில் துடைத்த கண்ணாடியிலும், தரையிலும் கொட்டியது. இரண்டாம் மாடியில் மணி அடிப்பது கேட்டது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“அழாத. போயி அந்தப் பிரசவக்காரி கைய இன்னொரு தடவ வைக்கச் சொல்லு. ஓடு. அவ ரத்தம் ரெண்டு சொட்டு எடுத்துக்கிட்டு வா.” அவள் குனிந்து சாசரை எடுத்துக் குழாயடியில் கழுவினாள். “வந்து விழுற பைய எங்கிட்டக் காட்டாமக் கொண்டு போனியோ, கைய ஒடிச்சிப் போடுவேன்.”